பஸ் நிறுத்தத்துக்கு நாற்பத்தொரு ஓட்டு

“உங்க போன்லயே அழுத்துங்கய்யா. என் விரல் பட்டாப் போச்சு” என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார் சலவை அக்கா. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளெல்லாம் அவர் பொறுப்பில்தான் வெளுக்கின்றன. வேலைக்கு முன்னும் பின்னும் வாசலில் உள்ள பஸ் நிறுத்தத்தில் நின்று ஓட்டுச் சேர்க்கிறார்.

நிறுத்தத்தைப் பாலத்துக்கு அப்பால் மாற்றலாமா என்று நகராட்சி தன் ஆப்பில் கேட்டிருக்கிறது. இன்று மாலை ஐந்து மணியோடு சரி. கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே ‘மாற்றலாம்’ என்று அழுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. அக்காவின் தங்கை வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு இங்கேதான் இறங்குகிறாள். “பாலம் ஏறி வரச் சொன்னா பாதியிலயே உக்காந்துருவா.”

போன வாரம் ஒரு கூத்து. அக்கா தன் போனையே நீட்டி நாற்பத்தொரு பேரை அழுத்தவைத்துவிட்டார். ஒரு போனுக்கு ஒரே ஓட்டு, கடைசியாக அழுத்தியதுதான் செல்லும் என்று நகராட்சியிலிருந்து செய்தி வந்தது. கடைசியாக அழுத்தியவர் எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பஸ் நின்றால் தன் கடைப் பலகை மறைகிறது என்று, நிறுத்தத்தை மாற்றச் சொல்பவர்.

 அக்கா அதே போனில் தன் ஓட்டை அழுத்தினார், கடைக்காரருடையது அழிந்தது. மற்ற நாற்பது பேரைத் தேடக் கிளம்பினார். பெயர் தெரியாது, பஸ் தெரியும். “ஏழே முக்கால், ஊன்றுகோல் ஐயா”, “எட்டு பத்து, சிரிக்காத டீச்சர்” என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். “எட்டு நாற்பது, நகம் கடிக்கிற தம்பி” என்பது நான்.

இன்று நாலே முக்காலுக்கு நாற்பதும் ஆயிற்று. அக்கா நேரே கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார்.

“அண்ணே, உங்க ஓட்டு என்னால அழிஞ்சுபோச்சு. போனை எடுங்க.”

“நான் எதுக்குப் போடுவேன்னு தெரியும்ல?”

“தெரியும். போடுங்க.”

“ஒரு ஓட்டுல தோத்துட்டா?”

“தோத்தா அப்புறம் பாத்துக்கலாம். உங்க ஓட்டை முழுங்கிட்டு ஜெயிக்கணுமா நான்?”

கடைக்குள் சிக்னல் இல்லை, ஓடிபி வரவில்லை. மணி நான்கு ஐம்பத்தாறு. அக்கா அவரைக் கையோடு வெளியே இழுத்துவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிறுத்தத்தின் பெஞ்சில் ஏறி, அவருடைய போனைக் கை எட்டும் மட்டும் உயரே தூக்கிப் பிடித்தார்.