இரண்டு சுற்று மட்டும் ஏறிய மூடி

என் நாத்தனாரின் கணவரை நான் அண்ணன் என்று அழைக்க வேண்டும். அழைத்தேன், இன்றும் அழைக்கிறேன். அந்த மனிதரிடம் எனக்கு மதிப்பு இருந்ததே இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் கோபத்தில் சொன்னதாகப் படும்.

அருமனையில் என் மாமனார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் இருந்தார்கள். யுத்தத்தின்போது அவர் பட்டாளத்தில் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய நட்டும் போல்ட்டும் கொண்டுவந்தார். பேச்சையும் கொண்டுவந்தார். மாலையானால் எங்கள் முற்றத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரியைப் பற்றித் தொடங்குவார். திருகாணியைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளத்தை நான் பிறந்த கொட்டாரத்துப் பக்கம் மரை என்போம். இவர்களுக்கு அது பிரி.

"இங்கிலீஷ்காரனுக்க பிரிக்கு அம்பத்தஞ்சு டிகிரி சரிவு, மாமா. அமெரிக்காக்காரனுக்கு அறுபது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். மாத்திப் போட்டா ஏறாது. ஒத்த நட்டு கிட்டாம எத்தன லாரி பாலைவனத்துல கெடந்துது தெரியுமா?"

மாமனார் தலையை ஆட்டுவார். அண்ணன் அதோடு விடமாட்டார். சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் ஏன் இடப்பக்கம் திருப்பினால் இறுகும் இடப்பிரி என்பார். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க. வெல்டிங் பட்டறையில் தீப்பற்றும் வாயு வரும் சிலிண்டருக்கும் இடப்பிரிதான். ஆக்சிஜன் குழாயை யாரும் அதில் தவறி மாட்டிவிடக் கூடாதே. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

என் மகள் பிறந்த பிறகு அப்பா எனக்கு ஒரு பித்தளை ஸ்டவ் வாங்கித் தந்திருந்தார். சுவீடன் நாட்டுச் சரக்கு. அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி. அதன் தோளில் எண்ணெய் ஊற்றும் வாய். அதற்கு ஒரு திருகு மூடி. பம்பை அடித்துக் காற்றை ஏற்றினால் எண்ணெய் மேலேறி நீலமாக எரியும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் காற்று கசியும், காற்றோடு எண்ணெயும் கசியும், ஒரு சாண் தள்ளித் தீ இருக்கும். கூட வந்த சிறு இங்கிலீஷ் புத்தகத்தை நான் நாலு தடவை படித்திருந்தேன். வேறு யாரும் அதைத் திறக்கவில்லை.

ஒருநாள் அண்ணன் யாரும் கேட்காமலே ஸ்டவ்வைச் சுத்தம் செய்ய வந்தார். உறுப்புகளை ஒரு தட்டு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். பேசிக்கொண்டே அழுக்கு எண்ணெயைத் தென்னை மரத்தடியில் வீசிக் கொட்டினார். மூடியும் அதோடு போயிற்று. நானும் மாமியாரும் பொழுது சாயும்வரை மண்ணைக் கிளறினோம். கிடைக்கவில்லை. அவர் தகரப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பித்தளை மூடியை எடுத்து வந்தார். அது இரண்டு சுற்று சுகமாக ஏறியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

"இறுகிப் போச்சு, பாத்தியா? நல்ல பிடித்தம்."

"அண்ணன், பழசு ஆறு சுற்று ஏறும்."

"ரெண்டு சுற்று போதும் மக்ளே. பிரியில நூலைச் சுத்தி, சோப்பைத் தேச்சு விட்டா ஒரு பொட்டு காத்து வெளிய வராது."

இரண்டும் வேறு வேறு பிரி என்று ஒரு வருடமாக முற்றத்தில் ஓதியவர், தன் கையில் ஒரு மூடி வந்ததும் அத்தனையையும் மறந்துவிட்டார்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். தவழ்வாள். ஸ்டவ் தரையில்தான் இருக்கும். அந்த மூடி சரியாக அவள் முகத்தின் உயரத்தில் இருந்தது.

மறுநாள் காலை பால் காய்ச்சும்போது மூடியைச் சுற்றி ஈரம் கண்டேன். குனிந்து பார்த்தால் சிறு சிறு குமிழிகள். உடனே காற்றை வெளியே விட்டு ஸ்டவ்வை அணைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன்: நேற்று துடைத்த ஈரமாக இருக்குமோ? நான்தான் சரியாகத் திருகவில்லையோ? பட்டறையில் இருந்தவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிடுமா?

சந்தேகம் தாளாமல் துணி சோப்பில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றில் மூடியின் பிரியை அழுத்தினேன். இன்னொன்றை விரல் போலச் செதுக்கி, ஸ்டவ்வின் வாய்க்குள் விட்டு ஓரமாக அழுத்தி எடுத்தேன். இரண்டையும் அருகருகே சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் வரி வரியோடு சேர்ந்தது. இரண்டாவது சற்று விலகியது. மூன்றாவதில் மேட்டுக்கு நேரே பள்ளம் போய் நின்றது. இரண்டும் வேறு பிரி.

மாலையில் அதை எல்லோர் முன்னாலும் கொண்டுபோய் வைத்தேன்.

"எதுக்குட்டி நல்ல சோப்பை இப்பிடி வெட்டி நாசமாக்கினா?" என்றார் மாமியார்.

அண்ணன் சோப்பைக் கையில்கூட வாங்கவில்லை. "மூடிக்க பிரி நல்லாத்தான் இருக்கு. ஒனக்க தலையிலதான் ஒரு பிரி எளகியிருக்கு, மக்ளே."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமனாரும் சிரித்தார். நாகர்கோவிலில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் சனிக்கிழமை வந்தார். அவரிடமும் காட்டினேன். "அத்தானுக்குத் தெரியாததா ஏட்டி? நீ எதைப் பாத்தாலும் பயப்படுவா," என்றார். நான் பயப்படுகிறவள்தான். அது அவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

ஸ்டவ்வை ஒதுக்கி வைத்துப் பார்த்தேன். ஒதுக்க விடவில்லை. என்னால் முடியாவிட்டால் நாத்தனார் வந்து பற்றவைத்துக் கொடுப்பாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அப்படி நிற்கையில் மூடியின் ஓரத்தில் ஒரு நீல நாக்கு தோன்றி மறைந்தது. நாத்தனார் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வேதக்கோவிலில் ஆராதனைக்குப் போனார்கள். குழந்தைக்குச் சளி என்று சொல்லி நான் வீட்டிலிருந்தேன். அது பொய். ஆராதனை நேரத்தில் சொன்ன பொய். ஸ்டவ் ஆறியிருந்தது. அண்ணன் எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்த ஸ்பானரை மூடியில் மாட்டி, அது பிடித்து நின்ற இடத்துக்கு மேலும் என் முழு பலத்தையும் போட்டுத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். அதன் பிறகு மூடி தடையில்லாமல் சுற்றியது. எடுத்துப் பார்த்தேன். வாய்க்குள் பிரி வழுவழுவென்று ஆகியிருந்தது. பொன்னிறத் தூள் என் விரலில் ஒட்டியது. இனி எந்த மூடியும் அதில் நிற்காது. அப்பா வாங்கித் தந்த ஸ்டவ். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மூடியை வாயின் மேல் வைத்தேன்.

மாலையில் அண்ணன் மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு திருப்பினா?"

"தெரியாமத் திருப்பிட்டேன், அண்ணன்."

"பித்தளை மிருதுவான சாதனம். வேற பிரியை வச்சு அமுக்குனா தாய்ப்பிரியும் கெடும், பிள்ளைப்பிரியும் கெடும். கையறிவு வேணும்." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "பொம்பளைக் கையில ஸ்பானரைக் குடுத்தா இப்பிடித்தான்."

வேற பிரி என்று அவர் வாயாலேயே சொன்னதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை, அவருமே கவனிக்கவில்லை. அன்றிரவு மாமியார் சுவீடன் ஸ்டவ்வைப் பரணில் ஏற்றினார். "அவ கையில எதுவும் உருப்படாது," என்று நாத்தனார் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு புகை கக்கும் ஈர ரப்பர் விறகில் சமைத்தேன். மழைக்காலம் முழுக்கக் குழந்தைக்கு இருமல் விடவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அந்த நீல நாக்கை நான் உண்மையிலேயே பார்த்தேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.  குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வெளியே போய் நின்றேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது.