சேபா அரசிக்கு முன்னுரை

அன்ரனெற் எங்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்தில் தொடர்ந்து ஆறு வருடம் அரசியாக நின்றவள். நாடகம் மாறும், அரசி மாறமாட்டாள். எந்த நாட்டு அரசியென்றாலும், நாடகம் பழக்கும் றொனால்ட் அண்ணை யோசிக்காமல் அவளைத்தான் கூப்பிடுவார்.

மற்ற நாட்களில் அவளுக்கு மிசிசாகாவில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் பெரிய சமையற்கூடம். நகரத்தின் மறுகரையில் வீடிருக்கும் மல்வேர்னிலிருந்து இருட்டோடு பஸ் எடுத்துப் போய், தலைக்கு வலை, கைக்குக் கையுறை, வாய்க்கு மாஸ்க் மாட்டிக்கொண்டு தட்டுகளில் பணிஸ் அடுக்குவாள். ஊர்காவற்றுறையில் படித்த காலத்தில் பேச்சுப்போட்டி ஒன்றையும் விடாதவள். சண்டையில் இடம்பெயர்ந்து மடு முகாமில் கிடந்து, பிறகு இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். அவர்களும் வேலை வேலையென்று தூரப் போய்விட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டே கழிகிற வருடத்தில் ஒரு பின்னேரம் மட்டும் மேடை விளக்கு அவள்மேல் விழும். மண்டபம் நிறைந்த சனம் அவளைப் பார்க்கும். அந்தப் பின்னேரத்தை நினைத்துத்தான் மிச்ச வருடத்தை ஓட்டினாள்.

போன வருடம் நாடகம் சேபா நாட்டு அரசியைப் பற்றியது. பொன்னும் சாம்பிராணியும் ஏற்றிய ஒட்டகங்களோடு பாலைவனம் கடந்து சாலமோன் ராசாவைப் பார்க்க வந்தவள். ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கையில் றொனால்ட் அண்ணை மெல்லச் சொன்னார்.

“அரசிக்கு இந்தமுறை நடாஷாவைப் போடுவம் எண்டு பாக்கிறன்.”

“ஆர், பிக்கரிங்கிலை இருந்து வாற பெட்டையோ? உவளுக்குத் தமிழ் வாயிலை நுழையாதே, அண்ணை.”

“பழக்கலாம். இளம் பிள்ளையள் மேடைக்கு வந்தாத்தானே நாளைக்கும் ஒளிவிழா நடக்கும்.”

“அப்ப நான்?”

“நீர் முன்னுரை சொல்லும். சேபா எண்டா எங்கை இருந்தது, என்னெண்டு பணக்கார நாடா வந்தது, இப்ப என்ன நிலைமை எண்டு ஒரு நாலு நிமிசம். உம்மை விட்டா ஆர் உதைச் சொல்லுறது?”

முன்னுரை. மூடிய திரைக்கு முன்னால், ஓரமாக, மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை.

காரில் வரும்போது புருசன் அகஸ்ரின் அவளுக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தார். “இஞ்சேரும், அம்பத்திநாலு வயசிலை அரசியா நிண்டு என்ன காணப்போறீர்? ராசமாதா எண்டு ஒரு ஆள் கதையிலை வரட்டும், அது உமக்குத்தான்.” அன்று அவர் தன் சோற்றைத் தானே போட்டுத் தின்றார்.

நடாஷாவைப் பார்த்து எரிச்சல்பட ஒன்றா இரண்டா. இருபத்தாறு வயது. எடுப்பான கழுத்து. புது வீடு. ரயிலில் போய்வந்து, மேசையில் இருந்து செய்கிற கந்தோர் வேலை. அங்கே அவள் முகத்தை ஆரும் மூடச் சொல்வதில்லை. போதாததற்கு நல்ல பிள்ளை வேறு. முதல் ஒத்திகையிலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். “அன்ரி, ஐ ஆம் ஸோ நேர்வஸ். நீங்கள்தான் ஹெல்ப் பண்ணோணும்.” “வடிவாச் செய்வீர், பிள்ளை,” என்றாள் அன்ரனெற். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தாடை வலித்துப்போனது. பிள்ளை கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுகம்!

முன்னுரையாலேயே நாடகத்தை விழுத்துவது என்று அவள் முடிவெடுத்தாள். அரசி வரும்போது சனம் அரசியை மறந்திருக்க வேண்டும்.

சமையற்கூடத்தில் அவளுக்கு எதிரே நின்று தட்டு மூடுகிறவள் ஸமீரா, யேமன்காரி. சேபாவைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று அன்ரனெற் ஆங்கிலத்தில் கேட்க, ஸமீரா கையுறையோடு நெஞ்சைத் தொட்டாள். “அது என்னுடைய ஊர். மாரிப். அந்தக் காலத்துக் கோயிலின் தூண்கள் இன்னும் அங்கே மணலில் நிற்கின்றன.”

அன்ரனெற்றுக்குச் சுருக்கென்றது. உலகத்துக்கே தெரிந்த அரசி ஒருத்தி ஊரில் இருந்தால் எப்படி இருக்கும்! ஊர்காவற்றுறை என்று சொன்னால் இங்கே வங்கியில் இருக்கிற பெட்டைக்கு எழுதவே தெரியாது.

ஆனாலும் சாப்பாட்டு இடைவேளைகளில் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். தெற்கே மரங்களில் வடியும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டகத்தில் ஏறி மாரிப் வழியாகத்தான் வடக்கே போனதாம். போகிற சரக்குக்கெல்லாம் அரசுக்குப் பங்கு. மலையிலிருந்து வரும் மழைவெள்ளத்தைப் பெரிய அணை கட்டி மறித்து, பாலைவனத்துக்கு நடுவில் தோட்டம் செய்தார்கள். பிறகு வியாபாரிகள் காற்றின் போக்கைப் பிடித்துக் கடலால் போகத் தொடங்க, ஒட்டகப் பாதை படுத்துவிட்டது. அணையும் பலமுறை உடைந்து, திருத்தி, கடைசியில் திருத்த ஆளில்லாமல் போனது.

“இப்போது?” என்று அன்ரனெற் கேட்டாள்.

இப்போது சண்டை. நாட்டின் நாலு பக்கத்திலிருந்தும் சனம் மாரிப்புக்குத்தான் ஓடிவந்திருக்கிறது. ஊரைச் சுற்றிக் கூடாரங்கள். மேய்க்கப் போகிற பாதையில் மிதிவெடி. நிலத்துக்குக் கீழே எண்ணெய் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை; தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரும்வரை வாளியோடு வரிசை. ஸமீராவின் தம்பி தன் வீட்டில் முன்பின் தெரியாத மூன்று குடும்பங்களை வைத்திருக்கிறான். வாளி வரிசையை, மடுவில் நின்று பழகிய அன்ரனெற்றுக்கு ஆரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

“பழைய கதையோடு நிறுத்திவிடாதே,” என்றாள் ஸமீரா. “நாங்கள் இன்னும் அங்கே இருக்கிறோம் என்று சொல். அது போதும். நானும் வந்து பார்ப்பேன்.”

கடைசி ஒத்திகையில் அன்ரனெற் முழுவதையும் வாசித்தாள். நடாஷா போனை வைத்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து கேட்டாள். “அன்ரி, இப்பவும் அங்கை ஆக்கள் டென்ட்டிலையோ இருக்கினம்?” “ஓம்,” என்றாள் அன்ரனெற். அதற்குமேல் ஒரு சொல் குடுக்க மனம் வரவில்லை.

ஒளிவிழா அன்று வெளியே பனி கொட்டியது. அன்ரனெற் அரக்குப் பட்டில் வந்தாள். அரசிக்கு ஒரு சுற்றும் குறையாத பட்டு. மைக்கைப் பிடித்ததும் குரல் பேச்சுப்போட்டிக் காலத்துக்குப் போய்விட்டது. சனம் தங்களுக்குள் கதைப்பதை விட்டுவிட்டுக் கேட்டது. அந்த அமைதி அவளுக்குத் தேனாக இருந்தது. ஒட்டகங்களின் கழுத்தில் மணி கட்டினாள். சந்தையைத் திறந்தாள். எழுதி வைத்திராத தோட்டங்களிலெல்லாம் நீர் பாய்ச்சினாள். நாலு நிமிசம் எப்போதோ போய்விட்டது. திரை இடுக்கால் றொனால்ட் அண்ணையின் கை ஆடியது. அவள் காணாதமாதிரி நின்றாள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. அணை உடைகிற இடத்துக்கு அவள் வந்தபோது கீபோர்ட் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மைக்கை நிற்பாட்டினார்கள். திரை திறந்தது.

அவள் இருட்டில் இறங்கி நின்றாள். தாள்களின் கடைசிப் பக்கம், ஸமீராவின் பக்கம், வாசிக்காமல் கையில் கிடந்தது.

நடாஷா இரண்டு இடத்தில் வசனத்தில் தடுக்கினாள். அதற்கும் சனம் கைதட்டியது. அவள் திரும்பி நடந்தபோது மண்டபம் முழுக்கத் தலை திரும்பியது. ‘நான் அரசியாக நின்றபோது இப்படித் திரும்பினதா?’ அன்ரனெற் நினைத்துப் பார்த்தாள். நினைவில் வரவில்லை.

முடிவில் எல்லோரும் கும்பிட்டு நிற்க, நடாஷா மைக்கைக் கேட்டு வாங்கினாள். “வன் செக்கன்ட். அன்ரனெற் அன்ரி சொல்ல வந்தது முடியேல்லை. டைம் இல்லாமப் போச்சு.” பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். இது கதைப்புத்தகத்து ஊர் இல்லை, அதன் பெயர் மாரிப், அங்கே கூடாரங்களில் இன்றைக்கும் சனம் இருக்கிறது, எங்கள் அம்மா அப்பாமார் இருந்ததுபோல, என்றாள். பின்வரிசையில் ஸமீரா எழுந்து நின்றாள். அன்ரனெற் சொல்லியிருந்தால் தமிழில் சொல்லியிருப்பாள். ஸமீராவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. அதுவும் இப்போதுதான் அன்ரனெற்றுக்கு உறைத்தது.

மேடைக்குப் பின்னால் ஸமீரா ஈரக் கண்களோடு வந்து அன்ரனெற்றின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். “எங்கே அந்தப் பெண்? எங்கள் அரசி எங்கே? தம்பிக்குப் படம் அனுப்ப வேண்டும்.” போனை அன்ரனெற்றின் கையில் வைத்தாள்.

போன் திரையில் ஸமீராவும் நடாஷாவும் அணைத்துக்கொண்டு நின்றார்கள். நடாஷாவின் மகுடம் ஒரு பக்கம் சரிந்து காதில் முட்டியது. அன்ரனெற் கண்டாள். அப்படியே அழுத்தினாள்.

ஸமீரா படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். திரும்பிப் போய் இரண்டு கையாலும் மகுடத்தை நிமிர்த்தி வைத்தாள். “இன்னொன்று எடு.”

“நீங்களும் வாங்கோ, அன்ரி!” என்றாள் நடாஷா.

“இல்லைப் பிள்ளை. ஆரும் எடுக்கத்தானே வேணும்.”

எடுத்தாள். இந்தமுறை படம் நன்றாகவே வந்திருந்தது.