பதினேழு என்று சொன்ன சர்வர்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பெயர் போலீஸக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வந்த ஆள் போன பிறகு குழாய்களை எண்ணிப் பார்க்கிறவள் என்று அவள் கணவரே நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். அது பொய். ஒரே ஒரு தடவைதான் எண்ணினாள்.

தட்டச்சு வேலைக்கு வந்தவள். பத்தொன்பது வருஷத்தில் மெல்ல மெல்ல சர்வர் அறைச் சாவி அவள் கைக்கு வந்து சேர்ந்தது. யாரையும் நம்பாததுதான் அவளுடைய தகுதி. கோப்பு அழிந்துபோச்சு என்று எவராவது கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால், அவளிடம் ஒரு பிரதி இருக்கும். அந்தப் பிரதிக்கும் ஒரு பிரதி இருக்கும்.

போன வருஷம் தன் தம்பி மனைவியை அங்கே புரோகிராமராகச் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்ட மறுநாளே அவளையும் கண்காணிக்க ஆரம்பித்தாள். தன் சிபாரிசு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

பரிசோதனை முடிவுகளை நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்க்கிற வலைத்தளத்துக்குத் தம்பி மனைவி புதிய பதிப்பு எழுதியிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைச் சர்வரில் ஏற்றினார்கள். ஒன்பது ஐந்துக்கு வரவேற்பு மேசையில் தொலைபேசி அலறத் தொடங்கியது. ஒருவருக்கும் பக்கம் திறக்கவில்லை. போலீஸக்கா பழைய பதிப்பைத் திருப்பி வைத்தாள், உடனே ஓடியது.

மேலாளர் வந்து வாசலிலேயே நின்றார். "யாரால நின்னுச்சுன்னு மூணு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க. இந்த வாரம் அந்தப் பொண்ணை நிரந்தரமாக்குறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு நான் முடிவு பண்ணணும்."

போலீஸக்கா நேரே தம்பி மனைவியின் மேசைக்குப் போனாள்.

"எந்த ஜாவாவுல கட்டின?"

"பதினேழுலதான் அண்ணி. சர்வர் பதினேழுக்கு மாறிடுச்சுன்னு நீங்கதானே போன மாசம் சொன்னீங்க? இதுவரைக்கும் எல்லாம் பதினொண்ணுல கட்டினது. இதுதான் பதினேழுல முதல்ல கட்டினது."

"நான் சொன்னது இருக்கட்டும். நீ அதுலதான் கட்டினியா?"

"என் மெஷின்ல நல்லா ஓடுதே!"

"உன் மெஷினைத் தூக்கி நோயாளிங்க வீட்டுல வைக்கவா?"

ஜாவா என்பது நிரல் எழுதுகிற மொழி; பதினொன்று, பதினேழு எல்லாம் அதன் பதிப்பு எண்கள். புதிய ஜாவாவில் கட்டிய நிரல் பழைய ஜாவாவில் ஓடாது. பழையதில் கட்டியது பெரும்பாலும் புதியதில் ஓடிவிடும். சர்வரின் பிழைப் பதிவிலும் அப்படித்தான் இருந்தது: இந்தக் கோப்பு புதிய பதிப்பில் கட்டப்பட்டது. போலீஸக்கா சர்வரிடம் அதன் ஜாவா பதிப்பைக் கேட்டாள். பதினேழு என்றது. அப்படியானால் இந்தப் பெண் பதினேழையும் தாண்டிப் போயிருக்கிறாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பித் தேடினாள். இருந்தது, இருபத்தொன்று.

"இது என்ன?"

"வீட்டுல படிக்கறதுக்கு வச்சிருக்கேன் அண்ணி. ஆபீஸ் வேலைக்கு அதைத் தொடவே இல்லை."

"தொடலைன்னு யார் பாத்தா?"

"உங்க தம்பி பாத்தாரு. போன் போட்டுக் கேளுங்க."

"அவனா? நீ சொன்னா சூரியன் ராத்திரியில வரும்னு சொல்வான்."

தம்பி மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போலீஸக்கா தன் அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். இருபத்தொன்றில் கட்டியதால் வந்த கோளாறு என்று முதல் வரியை எழுதியும் விட்டாள். ஆதாரம் வேண்டுமே என்று பிழைப் பதிவின் வரியை முழுசாக எடுத்து ஒட்டினாள். காலையில் அவள் படித்தது பாதி வரிதான். மீதியில் இரண்டு எண்கள் இருந்தன. கோப்பின் எண் அறுபத்தொன்று. சர்வர் அறிந்தது ஐம்பத்தைந்து வரை.

ஒவ்வொரு ஜாவா பதிப்பும் தான் கட்டிய கோப்பில் தனக்கென்று ஒரு எண்ணைப் பதித்துவிடும். இருபத்தொன்றில் கட்டியிருந்தால் அறுபத்தைந்து இருக்க வேண்டும். அறுபத்தொன்று என்றால் பதினேழு. அந்தப் பெண் சொன்னது அப்படியே உண்மை. ஐம்பத்தைந்து என்றால் பதினொன்று. பதினேழு என்று வாய் நிறையச் சொன்ன சர்வரில் பதினொன்றை ஓட்டிக்கொண்டிருப்பது யார்?

மேலாளரைச் சந்தேகித்தாள். வேலையை விட்டுப் போன பழைய புரோகிராமரைச் சந்தேகித்தாள். மெஷினுக்குள் வலைத்தளத்தை ஓட்டுகிற நிரலான வலைத்தளச் சர்வர் எழும்போது படிக்கிற தொடக்கக் கோப்பைத் திறந்தாள். இரண்டாவது வரியிலேயே ஜாவா பதினொன்றின் பாதை கொடுத்திருந்தது. அதற்கு மேலே, 'இதை யாரும் மாற்றக் கூடாது.' தேதி நாலு வருஷத்துக்கு முந்தியது. பக்கத்தில் இருந்தவை அவளுடைய இனிஷியல்கள்.

அந்தப் பழைய புரோகிராமர் சொல்லாமல் கொள்ளாமல் பதிப்பை மாற்றிவிடுவான் என்று பயந்து அவளே போட்ட வரி. மெஷினுக்குப் பதினேழு வந்தது; கேட்டால் மெஷின் அதைத்தான் சொல்லும். வலைத்தளச் சர்வரோ அவள் சொல் தட்டாமல் பதினொன்றையே பிடித்துக்கொண்டு கிடந்தது. பதினொன்றை அப்போதே நீக்கியிருந்தால் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று விட்டு வைத்தவளும் அவள்தான்.

மணி இரண்டு இருபது. வரியை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பார்க்கக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான்.  எழுதியதை அழித்துவிட்டு, தன் பெயரைப் போட்டு நாலு வரி எழுதினாள். தொடக்கக் கோப்பின் வரியைத் திருத்தி, சர்வரை மறுபடி எழுப்பி, புதிய பதிப்பை ஏற்றினாள். ஓடியது.

மேலாளர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தம்பி சம்சாரம்னு பழியை நீங்க ஏத்துக்கறீங்களா?"

போலீஸக்காவுக்குச் சுருக்கென்றது. "வந்து பாருங்க சார்" என்று அவரை அறைக்குக் கூட்டிப் போய், தன் குற்றத்தைத் தானே வரிவரியாக நிரூபித்தாள். அந்தப் பெண் வேலைக்குச் சேருமுன் போட்ட வரிதானா என்று தேதியை அவர் ஒருமுறை விரல்விட்டு எண்ணியும் பார்த்தார். "சரி, அந்தப் பொண்ணு இருக்கட்டும். இனிமே சர்வர்ல நீங்க எது மாத்தினாலும் அவளும் பாத்துக் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி மனைவி வந்து நின்றாள். நன்றி சொல்வாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று போலீஸக்கா யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தக் கோப்பை எனக்கும் கொஞ்சம் காட்டுங்க."

"நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனே!"

"எழுதினீங்க. நான் பாக்கலையே."

போலீஸக்கா நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்து, தொடக்கக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை, பிழைப் பதிவின் இரண்டு எண்களையும் சேர்த்து, நிதானமாகப் படித்தாள். தம்பி இவளைக் கட்டிக்கொண்டு வந்த நாலு வருஷத்தில், போலீஸக்காவுக்கு இவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.