மூன்றாம் மாடி ஜன்னல்

பீட்டர்ஸ்பர்க்கில் பத்தொன்பது வருடம் டிராம் ஓட்டிய தைசியாவுக்குக் காத்திருக்கவே தெரியாது. 1994 பிப்ரவரியில் புருஷன் அர்காதிக்குத் தொண்டை வலித்தபோதும் டாக்டருக்குக் காத்திருக்கவில்லை. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்க வைத்தாள். வோட்காவில் நனைத்த துணியைக் கழுத்தில் கட்டினாள். ஊரே செய்கிற வைத்தியம்தான். மூன்று நாள் வீணாய்ப் போனது.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்த டாக்டரம்மா ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. பஞ்சால் வழித்தால் தோல் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. கழுத்து வீங்கித் தாடையே தெரியவில்லை.

"தடுப்பூசி போட்டாரா?"

"போன வருஷம் ஃபாக்டரியில போட்டாங்க. இவருக்கு ஊசின்னா நடுக்கம். நர்ஸுக்கு சாக்லேட் டப்பா குடுத்து, ஊசி அட்டையில முத்திரை மட்டும் குத்திக்கிட்டு வந்துட்டாரு."

"நல்லா இருக்கு. தொண்டை அடைப்பான்மா இது, டிப்தீரியா."

அன்றே மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து போட்டார்கள். பத்து நாளில் தோல் உதிர்ந்தது, காய்ச்சலும் விட்டது. ஆனாலும் வாசல் கவுண்ட்டரில் டாக்டர் கறாராகச் சொன்னார்:

"நோயோட விஷம் இதயத்துக்குப் போயிருக்கு. கட்டில விட்டு எழுந்திரிக்கவே கூடாது."

தொண்டை நோய்க்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தைசியாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

தொற்றுநோய் மருத்துவமனைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். உறவினர்கள் முற்றத்துப் பனியில் நின்று கத்துவார்கள். நோயாளிகள் ஜன்னலுக்கு வந்து கையாட்டுவார்கள், கயிறு விட்டுப் பொட்டலம் இழுத்துக்கொள்வார்கள். தைசியாவுக்கு மட்டும் மூன்றாம் மாடியில் அர்காதிக்குப் பக்கத்துக் கட்டில் எஃபிமின் வழுக்கைத் தலைதான் தெரியும்.

"சூப் குடிச்சாரும்மா. தூங்குறாரு."

"தினம் இதையேதான் சொல்றீங்கண்ணே. உசுரோடதான் இருக்காரா?"

"இருக்காரு. நர்ஸைத் திட்டுறதுக்குத் தெம்பும் இருக்கு."

அவள் நம்பவில்லை. பதினாறாம் நாள் பெண்கள் தினம். சுற்றி நின்ற பெண்களுக்கெல்லாம் மேலிருந்து புருஷன்மார் வாழ்த்துச் சொல்ல, அவளுக்குத் தாங்கவில்லை. புருஷனைச் செல்லப் பெயர் சொல்லிக் கத்தினாள்.

"அர்காஷா, ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டு. இன்னிக்காவது காட்டுப்பா."

அர்காதி வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துச் சிரித்தான். அவளும் அழுதுகொண்டே சிரித்து, கையில் முத்தமிட்டு மேலே வீசினாள். கண்ணாடியிலிருந்து கை மெல்ல இறங்கியது. படுக்கப் போகிறான் என்று நினைத்து நிம்மதியாக வீடு திரும்பினாள், பாவி.

மறுநாள் காலை அதே கவுண்ட்டரில் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கட்டிலுக்குத் திரும்புறதுக்குள்ள இதயம் நின்னுருச்சு. ஏன் எழுந்தாருன்னே தெரியலம்மா. தானாத்தான் எழுந்தாருன்னு பக்கத்துக் கட்டில்காரரு சொல்றாரு."

தைசியாவுக்காகத்தான் எஃபிம் பொய் சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள்.