துணி கட்டிய பாட்டில்

இன்றைக்குக் குற்றாலத்தில் மூடிமேல் கட்டம் போட்ட துணி கட்டிய எண்ணெய்ப் பாட்டில் என்னுடையது ஒன்றுதான். கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் அதற்காக நான் விழுங்கிய அவமானம் இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல.

அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் லேபிளைப் படிப்பதில்லை. சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, அந்தத் துணி கட்டிய எண்ணெயைக் கொடுங்கள் என்பார்கள். அதற்காகவே நெசவுக்காரர்களிடம் சிவப்புக் கட்டத்துணி வாங்கி, மேலகரம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் நானே கட்டினேன். போன சீசனில் ஒரு அம்மா, என் எண்ணெயைத் தேய்த்துத் தலையெல்லாம் அரிக்கிறது என்று கடை வாசலில் நின்று கிழிகிழி என்று கிழித்தார். பாட்டிலைத் திருப்பினால் நாலு கடை தள்ளி இருப்பவரின் பெயர். அதே பாட்டில், அதே துணி. எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய்க் கேட்டேன்.

"பேரு வேறதானக்கா போட்டிருக்கேன். துணி என்ன ஒங்க வீட்டுச் சொத்தா?" என்றார்.

இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு தென்காசி வக்கீலிடம் போனேன். பெயர் வேறானாலும், பொருளின் தோற்றத்தைக் காப்பியடித்து வாங்குகிறவர்களை ஏமாற்றினால் சட்டம் தடுக்கும் என்றார். ஆனால் ஏமாறுவார்கள் என்று காட்ட வேண்டுமாம். திட்டிய அம்மாவோ ஊர் பேர் சொல்லாமல் போய்விட்டார். சரி, நீங்கள் துணி கட்டுவதில் என்ன வித்தியாசம், காட்டுங்கள் என்றார் வக்கீல். இது ஒரு பிரமாதமா? மேஜையில் இருந்த ஒன்றைச் சட்டென்று எடுத்து, இந்த முடிச்சைப் பாருங்கள், இப்படி இழுத்துக் கட்ட இந்தச் சீமையிலேயே ஆள் கிடையாது என்று அளந்துகொண்டே போனேன். வக்கீல் அதை வாங்கி லேபிள் பக்கத்தைத் திருப்பினார். அது அந்தக் கடைக்காரருடையது. முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

வக்கீல் சிரிக்கவில்லை. "தெனம் கட்டுத நீங்களே ஏமாந்திட்டிய. இத மனுவுல எழுதட்டுமா?" என்றார்.

எழுதினால் பஜார் பூராவும் கேலி பேசும். எழுதாவிட்டால் அடுத்த சீசனில் என் எண்ணெய் என்று ஒன்று இருக்காது. எழுதுங்கள் அண்ணாச்சி என்றேன்.

விசாரணை அன்று அந்தக் கடைக்காரர் நமட்டுச் சிரிப்போடு நின்றார். ஜட்ஜ் மனுவைப் படித்துவிட்டு என்னையே கேட்டார், உங்கள் பாட்டில் உங்களுக்கே தெரியவில்லையா அம்மா என்று.

"தெரியலைங்க ஐயா. தெரியக்கூடாதுன்னுதான அவரு அப்படிக் கட்டியிருக்காரு."