முந்தநாள் பாண்

அந்த வருடம் சண்டையால் பேக்கரிகளுக்குக் கோதுமை மா வருவதே அபூர்வம். இருந்தும் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் மாற்றலாகிப் போகிறார் என்று தேநீர் விருந்து வைக்க எப்படியோ பாணுக்குச் சொல்லி வைத்திருந்தோம். பாணும் வந்தது. விருந்து தொடங்க முன்னர் குண்டு போடுகிற பொம்பரும் வந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆசிரியர்கள் பாணைப் பங்கு போட்டோம். மற்றவர்கள் வீட்டில் சமையல் ஆகியிருக்கும், வாடகை அறையில் இருக்கிற இவளுக்கு உதவும் என்று ஒரு பை நிறைய என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் அப்போது வாடகைக்கு இருந்தேன். என்னோடு அந்த அறையில் இருந்தவள் குருநகர்ப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டுக்காரியை இருவரும் அன்ரி என்போம். அன்ரியும் கணவரும் சுத்த சைவம். குசினியை எங்களுக்கும் விட்டிருந்தார்கள், மீன் மட்டும் உள்ளே வரக்கூடாது.

முதல் நாள் சம்பலோடு தின்றோம். அடுத்த நாள் சொதியில் தோய்த்துத் தின்றோம். அதற்கடுத்த நாள் பாணால் கதவைத் தட்டலாம் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கொடிகாமத்தில் எங்கள் வீட்டில் கோதுமை மாவை அவித்து அரித்துத்தான் புட்டுக் குழைப்போம். பாணும் வெந்த மாதானே? உரலில் இடித்து, அரித்து, உப்புத் தண்ணீர் தெளித்துக் குழைத்தேன். நீத்துப்பெட்டியில் அவித்துக் கொட்டினால் விழுந்தது புட்டு அல்ல, களி.

"இது ஆஸ்பத்திரியிலை பத்துப் போட உதவும்" என்றாள் தோழி.

மறுநாள் தண்ணீரைக் கையில் தொட்டு மட்டும் பிசறி, தேங்காய்ப்பூவைக் கூடச் சேர்த்து அவித்தேன். உதிரி உதிரியாக வந்தது. மணம் வாசல்வரை போயிருக்க வேண்டும், அன்ரி வந்து எட்டிப் பார்த்தார்.

"உது என்ன புட்டுப் பிள்ளை?"

"பாண் புட்டு அன்ரி. கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கோவன்."

"ஐயோ, வேண்டாம். இப்ப ஈஸ்ற் இல்லையெண்டு கள்ளு விட்டெல்லோ பாண் போடுறாங்களாம்."

சொன்னாரே தவிரப் போகவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "உந்தக் கள்ளாலைதான் நான் அப்பம் சுடுறதையே விட்டனான். அப்பச்சோடாவும் கடையிலை இல்லை. இவருக்கு அப்பம் எண்டால் உயிர்" என்றார்.

"எங்கடை அம்மா பழம்பாணை இளநீரிலை ஊறவிட்டு அப்பமாவிலை கரைச்சு விடுவா. நல்லாப் பொங்கும்" என்றாள் தோழி.

"அந்தப் பாணிலையும் கள்ளுத்தானே?"

அன்ரியே யோசித்து அன்ரியே பதிலும் சொன்னார். "போறணைக்குள்ளை அந்த நெருப்பிலை வெந்த பிறகு கள்ளு எங்கை இருக்கப் போகுது?"

"அப்ப நீங்கள் பாணும் சாப்பிடலாமே அன்ரி?" என்றாள் தோழி.

"அது வேறை, இது வேறை" என்று அரிசி ஊறப்போடப் போய்விட்டார்.

எனக்கு வேறு சந்தேகம். கள்ளு வெந்து போனால் மாவைப் பொங்க வைக்கிற சத்தும் சேர்ந்துதானே வெந்து போயிருக்கும்? தோழியிடம் கேட்டேன். "அம்மா வைச்சவ, பொங்கினது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீர் ரீச்சர், நீர் கண்டுபிடியும்" என்றாள்.

பொழுதுபடமுன் மிஞ்சிய பாணை இளநீரில் ஊறவிட்டு மாவோடு கரைத்து மண்பானையில் மூடி வைத்தோம். விடியற்காலையில் அன்ரியின் குரல்தான் எழுப்பியது. "பிள்ளையள், ஓடி வாங்கோ!" பானையின் கழுத்துவரை மா ஏறியிருந்தது. மேலே குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

முதல் அப்பம் சட்டியில் ஒட்டிப் பிய்ந்தது. பிறகு சுட்டவை ஓரம் முறுகித் தானாகக் கழன்று வந்தன. அன்ரியின் கணவர் பால் விட்ட அப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்ததும் நிமிர்ந்தார்.

"கள்ளு வாங்கினனீரோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தை விட்டனீர்?"

"முதல் சாப்பிடுங்கோ, பிறகு சொல்லுறன்."

அன்ரி அடுப்புப் பக்கம் திரும்பி, கரையில் ஒரு துண்டை முறித்து வாயில் போட்டார். எங்களைப் பார்த்ததும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன்பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாண் இல்லாமல் இளநீர் மட்டும் விட்டுப் பார்த்தேன். பொங்கியது, ஆனால் அரைகுறையாக. இளநீர் இல்லாமல் பாண் மட்டும் போட்டால் புளித்த மணம் வந்ததே தவிர மா அசையவில்லை. மழை நாளில் இரண்டையும் சேர்த்தும் பொங்கவில்லை. பாணா, இளநீரா, வெக்கையா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

ஆனால் பையில் வந்த பாண் முடிந்துவிட்டது. அன்ரி அப்பத்தை விடுவதாக இல்லை. ஒருநாள் விடியப் பேக்கரிக்குப் போனேன். சூடான பாணுக்கு நீண்ட வரிசை. என் முறை வந்ததும் கேட்டேன்.

"அண்ணை, முந்தநாள் பாண் இருக்கோ?"

"இண்டையான் பாணே ஆக்களுக்குக் காணாது. முந்தநாள் பாணுக்கு நான் எங்கை போறது? கோழிக்கே பிள்ளை?"

"இல்லை அண்ணை, அப்பம் சுட."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. தராசைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"ஒரு கொத்து அரிசிக்கு எவ்வளவு பாண் போடுறனீங்கள்?"

சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெண், இளநீர் எப்போது விடுவது என்று கேட்டாள்.