அந்தக் கெட்டிலைத் திருப்பிக் குடுங்க

ஒரு பொருளை விற்பதற்குப் பல்லைக் காட்டினால் போதும். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதற்குத்தான் காலில் விழ வேண்டியிருக்கிறது. போன் போட்டுத் திட்டு வாங்கிப் பழகிய சக தியாகிகளுக்கு இது புரியும்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. வீட்டில் சும்மா இருந்தால் ஊரார் குரலிலெல்லாம் பேசி வம்பு வளர்ப்பேன் என்று, அம்மா என்னைத் துடியலூரில் மாமா வைத்திருக்கும் பாத்திரக் கடைக்கு அனுப்பிவிட்டார். நான் போன நேரம், கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. நாங்கள் விற்ற ஒரு ரக எலெக்ட்ரிக் கெட்டிலில், தண்ணீர் கொதித்த பிறகும் கரண்ட் தானாக நிற்பதில்லை; அடித்தட்டு உருகித் தீப்பிடிக்கலாம். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது கொடுக்க வேண்டும்.

"உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே அம்மணி, ஒவ்வொருத்தருக்கா போடு" என்று மாமா பில் புத்தகத்தையும் கடைப் போனையும் என் கையில் கொடுத்தார்.

புது மாதிரி மோசடி

முதல் போன் ஒரு ரிட்டயர்ட் வாத்தியாருக்கு. "உடனே பிளக்கைக் கழட்டிப்போடுங்க ஐயா. கடைக்குக் கொண்டாந்தா புதுசு தாரோமுங்க. பில்லு கூட வேண்டாம், அடியில இருக்கிற நம்பரைப் பார்த்தாப் போதும்" என்றேன்.

அவர் மூக்கால் பேசுகிறவர். ஒவ்வொரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுவதுபோல் இழுத்தார். ஓடிபி வருமா? வராதுங்க. அக்கவுண்ட் நம்பர்? வேண்டாமுங்க. அப்புறம் என்னதான் வேணும்? கெட்டிலுங்க. டொக்கென்று வைத்துவிட்டார். சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து கடைப் பலகையை, மாமாவை, கடைசியாக என்னை உற்றுப் பார்த்துவிட்டு, மஞ்சப் பையிலிருந்து கெட்டிலை வெளியே எடுத்தார். "காலையில போன்ல பேசுன ஏமாத்துக்காரி நீதானா, கண்ணு?"

குண்டா என்ன பண்ணுச்சு

வந்த கெட்டிலின் ஒயரை அங்கேயே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் அடுப்படிக்குப் போய்விடும். காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சந்தோஷமாகத்தான் கொண்டுவந்தார். மாமா கட்டிங் பிளேயரை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, நல்ல ஒயருங்க அது, மோட்டார் ரூம்புல லைட்டுக்கு ஆகுமுங்க."

மாமா வெட்டிவிட்டார். புதுக் கெட்டில் கைக்கு வந்த பிறகும் மனிதர் நகரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். (மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குரலை நான் மாமாவுக்கு இரண்டு தடவை செய்து காட்டினேன்.) "ஒயரு தப்புப் பண்ணுச்சு, வெட்டிப்போட்டீங்க, சரி. குண்டா என்னங்க பண்ணுச்சு? கோழிக்குத் தண்ணி வெக்கவாவது குடுங்க."

கல்யாணத்துல வெச்ச பொருள்

கடைசியில் ஒரே ஒரு கெட்டில் மட்டும் வரவில்லை. அதை வாங்கிய அக்கா, போன வருஷம் பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் பரிசாக வைத்துவிட்டாராம். யாருக்கு என்று சொல்லவே மாட்டேன் என்றார்; வெச்ச பொருளை யாராவது திருப்பிக் கேட்பார்களா? தீப்பிடிக்கும் என்று நான் நாலு விதமாகச் சொன்ன பிறகு, தன் பெயரை இழுக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு மாப்பிள்ளையின் அம்மா நம்பரைக் கொடுத்தார்.

அந்த அம்மாவுக்குக் குரல் ரைஸ் மில் மாதிரி. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கேட்டது. கெட்டில் பவானியில் தனிக்குடித்தனம் இருக்கும் மருமகளிடம் இருக்கிறது. கைக்குழந்தைக்குச் சுடுதண்ணி வைக்க இந்த அம்மாதான் கொடுத்தனுப்பினாராம். "உடனே நீங்களே சொல்லிப்போடுங்க, அம்மா" என்றேன். நம்பரைத் தந்தாரே தவிர, அதற்கு மட்டும் மசியவில்லை. "நான் குடுத்தது தீப்புடிக்கும்னு நானே சொன்னா, மருமவ என்னைய என்னன்னு நெனைப்பா?"

அத்தை பேசறேன்

பவானிக்குப் போட்டேன். "கெட்டில் கம்பெனி சார்பாப் பேசறேனுங்க" என்பதற்குள் கட் ஆகிவிட்டது. திரும்பப் போட்டால் போகவே இல்லை, பிளாக் செய்துவிட்டாள். ஆனால் கட் ஆவதற்கு முன்னால் பின்னாலே குழந்தை அழுததும், தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் எனக்குக் கேட்டிருந்தது.

மாமாவின் போனைப் பிடுங்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ரைஸ் மில்லை ஓட விட்டேன். "அம்மணி, அத்தை பேசறேன். பக்கத்து ஊட்டு போனு. அந்தக் கெட்டில் பிளக்கை இப்பவே புடுங்கு. அப்பறம் பேசு." போன் கீழே வைக்கப்படும் சத்தம். காலடி. திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கோ வேடம் ருசித்துவிட்டது. "பயப்படாத சாமி, அத்தை உனக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள்: "புடுங்கிட்டேன், அடித்தட்டு இளகிப்போய்க் கெடக்குது, பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது. ஆனா எங்கத்தை புதுசு வாங்கித் தாரேன்னு இந்த ஜென்மத்துல சொல்ல மாட்டாங்க, ஆருங்க நீங்க?"

ஆக, கெட்டிலைத் திரும்ப வாங்க ஒரு அறிவிப்பு போதும் என்று கம்பெனி நினைக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு ஒரு மாமியாரும் வேண்டியிருக்கிறது.